டீசல் மூடியைத் திறந்தபடி நின்றவர்

புதிதாகப் பொக்லைன் ஓட்ட வந்திருக்கும் தம்பிமார்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் பாய் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதைக் கை தானாகப் படித்துக்கொள்ளும். எந்த லீவர் எதற்கு என்று கம்பெனிக்காரனே படம் போட்டு ஒட்டியிருக்கிறான். நான் எழுத நினைப்பது சந்தேகத்தைப் பற்றி.

நம் தொழிலில் சந்தேகப்படாதவன் உருப்பட மாட்டான். காலையில் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால் அது நேற்று விழுந்ததா, இன்று விழுந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். மேல்மண் காய்ந்திருந்தால் அடியில் சேறு கிடக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். "இங்க அடியில ஒண்ணும் கெடையாது, தைரியமாத் தோண்டுங்க" என்று நிலத்துக்காரர் சொன்னால் அங்கே நிச்சயம் ஒரு குழாய் ஓடும். இதிலெல்லாம் நான் பழுத்தவன். ஆனால் சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பது தனி வித்தை. அதை நான் படித்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிச் சொத்து. ராஜபாளையத்தில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சின்ன மளிகைக் கடை இருந்தது. யார் காசு கொடுத்தாலும் கல்லாப்பெட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, ஓசை கேட்ட பிறகுதான் உள்ளே போடுவார். சொந்த மச்சினன் கொடுத்தாலும் அதே தட்டுதான். எனக்குத் தராசு பிடிக்கப் பொறுமை இல்லாததால் லாரிக்குப் போனேன். பஞ்சு மூட்டை ஏற்றி மில்லுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், கிணறு, கண்மாய், வாய்க்கால் வேலைகள் எடுக்கும் காண்ட்ராக்டர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். இனி அவரை முதலாளி என்றே சொல்கிறேன். அவரிடம் ஒரு பழைய பொக்லைன் இருந்தது. எங்கோ அணை வேலை முடிந்து ஏலத்துக்கு வந்ததை வாங்கியிருந்தார். நாளையிலிருந்து அதை நீ ஓட்டு என்றார்.

எனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன். லாரிக்கும் ஸ்டியரிங்தான், இதற்கும் ஸ்டியரிங்தான் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் இதுவரை ஓட்டியவர் எங்கே என்று கேட்டேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

நடந்தது இதுதான். செட்டியார்பட்டியில் ஒரு ஊருணி தூர் வாரும் வேலை. பழைய டிரைவர் ஓட்டும்போது வண்டி அடிக்கடி பாதி வேலையில் நின்றுபோகும். நிற்கும்போதெல்லாம் அவர் டீசல் மூடியைத் திறந்துகொண்டு நிற்கிறார் என்று யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினார். மூடி டிரைவர் கையில் இருந்தது. வேலை நேரத்தில் டீசல் டேங்கில் உனக்கு என்ன வேலை என்று பிடித்துக்கொண்டார். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் தலைக்கேறினால் வெளியிலும் அதுதான் வரும். ஊருணிக்கரை டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி 'தொங்கா' என்று சொன்னார். அதற்குத் திருடன் என்று அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் யாரும் தெலுங்கு படிக்க வேண்டியதில்லை. பழைய டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். கேட்க ஆள் இல்லை.

எனக்குச் சாவியைக் கொடுத்தபோது முதலாளி ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார்.

"அவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும் பாய். வேலை போன வயித்தெரிச்சல்ல வண்டியில என்னத்தையும் செஞ்சாலும் செய்வான்."

எனக்கா சொல்லித் தர வேண்டும்? சும்மா ஆடுகிற பேய்க்கு ஒரு கொட்டு போதும்.

அந்த வண்டியைப் பற்றிச் செத்த நேரம் சொல்ல வேண்டும். முன்னால் அள்ளுகிற பக்கெட், பின்னால் தோண்டுகிற கை, தோண்டும்போது வண்டி சாயாமல் இரண்டு பக்கமும் தரையில் ஊன்றிக்கொள்ள இரும்புக் கால்கள். உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஒரு தகரம், சுற்றிலும் காற்று. லீவர்களின் குமிழ்கள் தேய்ந்து, எது மேலே, எது கீழே என்ற அடையாளமெல்லாம் அழிந்திருந்தது. ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, எது ஆடுகிறது என்று கண்டுபிடித்தேன். சொல்லித்தர ஒருவரும் இல்லை. முதல் வாரத்தில் பின்கையில் மண்ணை நிறைய அள்ளிப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு, ஊன்றியிருந்த கால்களைத் தூக்கிவிட்டேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எப்படியோ பின்கையை மண்ணில் ஊன்றி நிமிர்த்தினேன்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவரைக் கவனித்தேன். அதே செட்டியார்பட்டி டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வாகை மரம். அதன் அடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு. வண்டி சாய்ந்தபோது ஓர் எட்டு முன்னால் வந்தவர், நான் பார்த்ததும் பின்வாங்கிக்கொண்டார். யார் என்று டீக்கடையில் கேட்டேன். பழைய டிரைவர் என்றார்கள். நான் கவிழ்வதைப் பார்த்துச் சிரிக்க வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் டேங்கை நிறைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். வெயில் ஏறும் முன்னே வண்டிக்கு மூச்சு முட்டியது. சத்தம் இறங்கி, உதறி, நின்றது. லாரிக்காரனுக்கு முதலில் தோன்றுவது டீசல்தான். எவனாவது உறிஞ்சிவிட்டானா என்று பார்க்க மூடியைக் கழற்றினேன். அது கழல அடம் பிடித்தது. உள்ளே பார்த்தால் டீசல் கழுத்து வரை நின்றது. பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து, கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. திரும்பினால் வாகை மரத்தடியில் அவர் நிற்கிறார். இந்த முறை சிரித்தார். வாய்விட்டு இல்லை, உதட்டோரத்தில்.

அன்றைக்கே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. இந்த ஆள் வண்டியில் கை வைக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். மூடியை நான் லேசாகத்தான் மூடுவேன். திறக்கும்போது மட்டும் இறுகிப்போய் இருக்கிறது. அப்படியானால் நடுவில் யாரோ திறந்து, எதையோ போட்டு, அழுத்தி மூடியிருக்க வேண்டும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். மூடியின் குறுக்கே ஒரு கறுப்பு நூலைக் கட்டி வைத்தேன். யார் தொட்டாலும் அறுந்துவிடும். மறுநாளும் வண்டி நின்றது. நூல் கட்டியபடியே இருந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. நூல் அறுந்திருந்தால் அவன் திருடன். அறுந்திருக்காவிட்டால் கெட்டிக்காரத் திருடன். சந்தேகம் பிடித்தவனுக்குச் சாட்சி சொல்ல ஆளே தேவையில்லை.

சந்தேகம் அவரோடு நிற்கவும் இல்லை. டேங்க் நிறைய இருக்கும் நாளில்தான் வண்டி சீக்கிரம் நிற்கிறது, டீசல் குறைந்தபின் ஒழுங்காக ஓடுகிறது என்று கவனித்தேன். உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் பங்க்குக்காரர் மேல் பாய்ந்தேன். தண்ணீர் கலந்து ஊற்றுகிறீர்களா என்று கேட்டுச் சண்டையும் போட்டேன். டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தேன், அடியில் ஒன்றும் தங்கவில்லை. வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினேன். அப்படியும் நின்றது. பங்க்கை மாற்றினேன். ராத்திரி வண்டிக்குக் காவலாகப் படுத்தவரை மாற்றச் சொன்னேன். மாற்றாமல் விட்டது என்னை ஒருவனைத்தான்.

புரட்டாசியில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குக் கூட்டம் வரும் பாதையில் பள்ளம் நிரப்பும் வேலை. நான் மட்டும்தான் அங்கே இருந்தேன், பழைய டிரைவர் அந்தப் பக்கமே வரவில்லை. அங்கேயும் வண்டி நின்றது. சனிக்கிழமை வருகிற ஜனங்களுக்கு நடுவில் நடுப்பாதையில் வண்டியை வைத்துக்கொண்டு நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. அவர் முதல்நாளே வந்து செய்துவிட்டுப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த இடத்துக்குத்தான் முதலாளி ஒருநாள் வந்தார். அப்போதும் நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு டேங்குக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் இருந்து இறங்கியவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "அம்புட்டு அடிக்கடி தொறந்து என்னத்தப் பாக்க?" என்று மட்டும் கேட்டார். எவனாவது எடுத்துவிட்டானா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் ஒரு குச்சியை ஒடித்து டேங்குக்குள் விட்டு அளந்துவிட்டுப் போனார்.

எனக்குக் காது வரை சுட்டது. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பழைய டிரைவர் நின்ற இடத்தில் இப்போது நாம் நிற்கிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. என்னையும் திருடனாக்கி வேலையைப் பிடுங்கத்தான் அந்தப் பழைய டிரைவர் இப்படிச் செய்கிறார் என்று தோன்றியது. கையில் சிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஐப்பசியில் கூமாப்பட்டி வேலை வந்தது. மலையிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தது. பெருமழைக்கு முன்னால் வண்டல் அள்ள வேண்டும். கால்வாயின் குறுக்கே ஒரு சின்னப் பாலம். அதன் வாய் பாதிக்கு மேல் மூடியிருந்தது. பாலத்துக்கு இடப்பக்கம் கரைக்குக் கீழே பள்ளத்தில் மண்சுவர் வீடுகள், எல்லாம் தோட்டக் கூலிக்குப் போகிற சனங்கள் குடியிருந்தவை. பாலத்தின் வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு நேரே அந்த வீடுகளுக்குள்தான் போகும்.

வேலையைத் தொடங்கிய அன்று நிலத்துக்காரர்கள் வழக்கம்போலப் பூசை போட்டார்கள். மறுநாள் பார்த்தால் பழைய டிரைவர் அங்கேயும் நிற்கிறார். பக்கத்துத் தென்னந்தோப்பில் கூலிக்கு வந்திருக்கிறாராம். ராஜபாளையத்தைச் சுற்றி இல்லாத தோப்பா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். எங்கள் தலைக்கு மேல் வெயில், மலையில் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. காலையில்தான் டேங்கை நிறைத்திருந்தேன். வண்டியைக் கால்வாய்க்குள் இறக்கி, பாலத்தின் வாயில் பின்கையை நுழைத்து அள்ளிக்கொண்டிருந்தேன். மேற்கே யாரோ கூப்பாடு போட்டார்கள். தண்ணி வருது என்ற சொல் கரையோடு ஓடி வந்தது. சருகும் சுள்ளியும் சுருட்டிக்கொண்டு செந்தண்ணீர் வளைவில் திரும்புவது எனக்கே தெரிந்தது. கையை வெளியே இழுக்க லீவரைத் தொட்டேன். வண்டி இரண்டு உதறல் உதறி நின்றது.

சாவியைத் திருப்பினேன், சுற்றியது, பிடிக்கவில்லை. சக்கரத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. எறங்கி வந்துருங்க பாய், வண்டி போனாப் போவுது என்று கரையில் இருந்து கத்தினார்கள். நான் குதித்து ஏறியிருக்கலாம். ஆனால் பாலத்தின் வாயில் என் வண்டி இருந்தது. அள்ளக் கொண்டுவந்த வண்டியே அடைப்பாக நின்றது. கீழே வீடுகளில் இருந்து பெண்கள் பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. ஒரு கட்டிலில் வைத்து யாரையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது அவர் குரல் கேட்டது.

"பாய், டீசல் மூடியத் தொறங்க. தொறந்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

என் புத்தி அந்த நேரத்திலும் எப்படி வேலை செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வைத்தியம் தெரிந்தவன்தான் நோயையும் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். ஆள் வசமாகச் சிக்கிவிட்டான் என்றுகூட ஒரு சந்தோஷம் வந்தது. நான் அசையவில்லை.

அவர் கரையிலிருந்து தண்ணீருக்குள் குதித்தார். முழங்கால் வரை ஓடுகிற தண்ணீரில் தடுமாறிக்கொண்டு டேங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டினால் மூடி எட்டும். நீட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன். நீங்களே எறங்கி வந்து தொறங்க."

திருடன் கரையில் நின்று யோசனை சொல்லலாம். அடித்துக்கொண்டு போகிற தண்ணீரில் இறங்கி நின்று, மூடியைத் தொடாமல் கையைத் தூக்க மாட்டான். அதை அப்போது நான் அறிவால் யோசித்ததாகச் சொல்ல மாட்டேன். அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று வெட்கப்பட்டது. இறங்கினேன்.

மூடி கழலவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை வண்டியில் உதைத்துத் திருகினேன். கழலும்போது உள்ளேயிருந்து என் உள்ளங்கையை ஏதோ இழுத்தது. உஸ்ஸென்று காற்று டேங்குக்குள் பாய்ந்தது. அந்தச் சத்தம் முன்பும் வந்திருக்கும். டீசல் குறைகிறதா என்று கண்ணால் தேடியவன் காதால் கேட்கவில்லை. மூடியை மடியில் போட்டுக்கொண்டு ஏறிச் சாவியைத் திருப்பினேன். இரண்டாம் சுற்றில் பிடித்தது. பின்கையைப் பாலத்துக்குள்ளிருந்து உருவி, அதையே கரையில் ஊன்றி வண்டியைத் தள்ளி மேலே ஏற்றினேன். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரும் ஏறிவந்தார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, பாலத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே போனது. கரை உடையவில்லை. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் கரையில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நிக்கும், மூடியத் தொறந்தா ஓடும். அம்புட்டுதான் பாய் எனக்குத் தெரியும். ஏன்னு தெரியாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்ககிட்டயும் நிக்குது, என்ன?"

ஆமாம் என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாகை மரத்தடியில் எதற்கு நின்றீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கிட்ட மட்டுந்தான் நிக்குதா, அடுத்தாளு ஓட்டினாலும் நிக்குமான்னு பாக்கணும்லா. எங்க வீட்டுலயே ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிட்டாக. உங்ககிட்ட அது நின்னப்பதான் பாய் எனக்கு உசுரு வந்துச்சு."

அந்தச் சிரிப்பைத்தான் நான் அத்தனை நாளும் திருட்டுச் சிரிப்பு என்று வைத்திருந்தேன்.

மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டீசல் மூடியில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துவாரம் இருக்கும், தெரியும்தானே? டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்கே டீசலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், இன்ஜினுக்குக் கொடுக்காது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே கிடையாது, அதனால் இன்னும் சீக்கிரம் இழுக்கும். அந்தத் துவாரத்தைக் காணவில்லை. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் பொருக்காக உறைந்து கிடந்தன.

எங்கள் பக்கத்தில் வண்டி ஒரு வேலையில் இறங்கினால் முதல் நாள் பூசை உண்டு. எலுமிச்சை நசுக்கி, பக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைப்பார்கள். டீசல் மூடி உருண்டையாக, கைக்கு எட்டுகிற உயரத்தில், நெற்றி மாதிரி இருக்கிறது. வைக்கிறவர்கள் எல்லோரும் அதற்கும் ஒன்று வைத்தார்கள். ஆயுத பூசைக்கு இன்னும் தாராளமாக வைத்தார்கள். தினமும் வண்டியைத் துடைக்கிற நான் அந்தப் பொட்டை மட்டும் துடைத்ததில்லை. ஏன் துடைப்பேன்? பாய் பொட்டை அழித்துவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதாதா? பொட்டின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. எங்கள் தர்காவில் சந்தனக்கூடு எடுக்கும்போது நானும் சந்தனம் பூசிக்கொள்கிறவன்தான். இருந்தாலும் அடுத்தவர் வைத்ததில் கை வைக்க பயம். பழைய டிரைவரும் துடைக்கவில்லை. சாமி காரியம், நாம் எப்படி அழிப்பது என்று விட்டுவிட்டாராம். அவர் பக்தியும் என் பயமும் சேர்ந்து அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டன.

ஒரு முள்ளை ஒடித்துக் குத்தினேன். பொருக்கு உதிர்ந்து, துவாரத்தின் வழியே வெளிச்சம் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்தீங்களா அண்ணாச்சி, நீங்க திருடல என்று அவரிடம் மூடியை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை.

"அது எனக்குத் தெரியுமே பாய். தெரியாதவியகிட்டக் கொண்டு காட்டுங்க."

மறுநாளே ராஜபாளையம் போய் முதலாளி முன்னால் வண்டியை நிறுத்தினேன். துவாரத்தை மெழுகால் அடைத்து ஓட்டினேன், நின்றது. மூடியைத் திறந்தேன், ஓடியது. மெழுகை எடுத்தேன், பிறகு நிற்கவே இல்லை. முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். தான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"சரி பாய். அவன் திருடலன்னே வச்சுக்கிடுவோம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கு எழுதும்போதும் வருகிறது. வைத்துக்கொள்வதென்றால் என்ன அர்த்தம்? ஒரு மனுஷனைத் திருடன் என்றபோது அப்படி வைத்துக்கொள்வோம் என்றா சொன்னார்? ஊர் கேட்கச் சொன்னாரே. சாவியை மேஜைமேல் வைத்தேன். எங்கே வைத்துச் சொன்னீர்களோ அங்கே வைத்து அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவரை நான் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அத்தா கடையில் போய் உட்கார்ந்து சர்க்கரை மடித்தேன். கைக்கு அது பிடிபடவே இல்லை.

மழைக்காலம் முடிகிறவரை ஒரு தகவலும் வரவில்லை. தை பிறந்ததும் முதலாளி ஆளனுப்பினார். செட்டியார்பட்டி ஊருணியில் மிச்ச வேலை கிடக்கிறது, பூசை போடப் போகிறோம், அவனையும் வரச்சொல்லியிருக்கிறேன் என்றார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. நான் சந்தேகத்தோடுதான் போனேன்.

அதே டீக்கடை, அதே வாகை மரம், அன்றைக்கு 'தொங்கா' கேட்ட அதே ஆட்கள். பழைய டிரைவர் சலவை வேட்டி கட்டி சைக்கிளில் வந்து இறங்கினார். முதலாளி அவரிடம் நேராகப் பேசாமல், "பொட்டு வையி, வண்டிக்கு நீதான மூத்தவன்" என்று தட்டை நீட்டினார். அத்தோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். பக்கெட்டுக்கு வைத்தார். சக்கரங்களுக்கு வைத்தார். இன்ஜின் மூடிக்கு வைத்தார். டீசல் டேங்குக்கு வந்ததும் நின்றார். விரலில் சந்தனத்தை எடுத்து மூடிக்கு நேரே பிடித்தபடி திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"மொதலாளி, இதுக்கு வைக்கவா?"

டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. அதுலதான் கோளாறு இருந்துச்சு. ஒம்மேல ஒண்ணுமில்ல. நான்தான் வாய் தவறிட்டேன்."

பழைய டிரைவர் தலையை ஆட்டினார். தட்டைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி சாவியை அவரிடம் நீட்ட, அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். மில்லில் டிராக்டர் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். என் பக்கத்தில் வந்து, கால்களைத் தூக்கும் முன் கையை நடுவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள் பாய், அன்றைக்கு வண்டி சாய்ந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது என்று மெல்லச் சொன்னார். பிறகு விரலில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, டீக்கடைக்கு முன்னால் மெதுவாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.